ஜோடி ரோந்து

ஜூன் 10

கம்பெனியில் தினமும் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். எந்தக் காற்றாலை நின்றது, ஏன் நின்றது, யார் மேலே ஏறியது என்று. அது அவர்களுக்கு. இது எனக்கு. யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

நல்ல செய்தி. எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ரோந்துக்கு இனி யாரையும் தனியாக அனுப்பக் கூடாது என்று எஸ்.பி. உத்தரவு போட்டுவிட்டார். இரண்டு பேர், இரண்டு வண்டி, ஒரே பாதை. மாலை மூன்றிலிருந்து ஒன்பது வரை.

இதில் என் பங்கு உண்டு. போன மாதம் ராஜகனி அக்காவின் வீட்டுக்காரர், ஏட்டு, உப்பளம் ரோட்டில் தனியாக நின்று ஒரு பைக்கை மறித்தார். கையில் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ரொம்ப நேரம் ரோட்டிலேயே கிடந்தவரை ஒரு உப்பு லாரிக்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது. குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எஸ்.பி.யைப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். அத்தனை சேலைக்கு நடுவில் ஒரே பேண்ட் நான்தான். ஏனென்றால் எங்கள் வீட்டில் போலீஸ் என் மனைவி. பெயர் சந்தனமாரி. முதல்நிலைக் காவலர்.

பெண்கள் அழுதார்கள். அழுதால் தண்ணீர் கொடுப்பார்கள், ஆள் கொடுக்க மாட்டார்கள். நான் பேசினேன். எங்கள் கம்பெனியில் ஒருத்தன் தனியாக டவர் ஏணியில் கால் வைத்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும் சார், காற்றாடிக்கு கிரீஸ் அடிக்கிறவனுக்கே துணைக்கு ஆள் உண்டு, கத்தியை மறிக்கிறவருக்குக் கிடையாதா என்று கேட்டேன். எஸ்.பி. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் ராஜகனி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பேசுனதுதான் தம்பி பேச்சு. நாங்கல்லாம் ஒப்பாரிதான் வச்சோம்."

ஜூன் 12

சந்தனத்துக்கு ஜோடி போட்டாயிற்று. ஜெரால்டு. எங்களுக்கு எதிர் பிளாக். என் வயதுதான் இருக்கும். தினமும் காலையில் மொட்டை மாடியில் தண்டால் எடுக்கிறவன். கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். மனைவி பிரின்சி நர்சரி பள்ளியில் டீச்சர்.

ஸ்டேஷனில் இன்னும் இரண்டு பெண் காவலர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருத்தரைப் போட்டிருக்கலாமே என்று சந்தனத்திடம் கேட்டேன். ஒருத்தி ரிசப்ஷன், ஒருத்தி கர்ப்பம் என்றாள். சரி என்றேன். எனக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 14

மாவு அரைத்தேன். கிரைண்டர் பாதியில் நின்றுவிட்டது. கேபாசிட்டர் போயிருந்தது. மாற்றினேன்.

ஜூன் 19

காற்று சீசன். ஒரு நாளைக்கு மூன்று டவர் ஏறுகிறோம். வீட்டுக்கு வந்தால் முழங்கால் விட்டுப் போகிறது.

சந்தனத்துக்கு முழங்கால் ஒன்றும் விட்டுப் போகவில்லை. ஒன்பதரைக்கு வருகிறாள். முன்பெல்லாம் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு யாரிடமும் பேசாமல் அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது வரும்போதே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வருகிறாள். காது கொடுத்துக் கேட்டேன். பாட்டு இல்லை. என்ன என்றதற்கு, சும்மா என்றாள்.

நல்லதுதான். போன வருஷம் இதே மாதிரி ஒரு உற்சாகம் வந்தது. இலாகா ஒதுக்கீட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுதப் போகிறேன், கொஞ்சம் படிக்க வேண்டும், சமையலில் கை கொடுங்கள் என்றாள். நீ எஸ்.ஐ. ஆனால் வீட்டில் நான் யார், உனக்கு ஸ்டேஷன் ரைட்டரா என்று கேட்டேன். தமாஷுக்குத்தான் கேட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

இப்போதைய உற்சாகம் எதில் என்று தெரியவில்லை.

ஜூன் 24

பிரின்சி வந்தார். மிக்ஸி ஜார் லீக் ஆகிறது, பார்த்துத் தர முடியுமா அண்ணே என்றார். இந்தக் குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் எது நின்றாலும் என்னிடம்தான் வரும். வாஷர் மாற்ற இரண்டு நிமிஷம். ஆனால் பிரின்சி போகவில்லை. வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஜெரால்டு இப்போதெல்லாம் வீட்டில் வாயே திறப்பதில்லையாம். சோறு போட்டால் தின்கிறான், பிள்ளையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறான், கண் மட்டும் எங்கேயோ இருக்கிறதாம். இங்கே எப்படி என்று கேட்டார். இங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல் என்றேன்.

"எங்க வீட்ல அவிய தனியா போன வரைக்கும் மாதாகிட்ட உசுரத்தான் கேட்டேன்" என்றார். "இப்ப ஜோடி போட்டுட்டாவ. உசுருக்குப் பயமில்ல. மாதாகிட்ட போயி நின்னா என்ன கேக்கன்னே தெரியல."

ஜாரைக் கையில் கொடுத்தேன். சந்தனம் நல்ல பிள்ளைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஏதாவது கேட்டேனா?

ஜூன் 29

ரசம் வைத்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. சந்தனம் வந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். முன்பாக இருந்தால் கிண்டல் செய்திருப்பாள்.

ஜூலை 2, செவ்வாய்

ஹைட்ராலிக் ஹோஸ் வாங்க டவுனுக்கு வந்தேன். நாலே முக்கால் இருக்கும். உப்பளத் தொழிலாளர் சங்கக் கட்டிடத்துக்குப் பின்பக்கம், சந்துக்குள், ஜெரால்டின் ரோந்து பைக் நிற்கிறது. நீல விளக்கின் மேல் ஒரு சாக்குப் பை போட்டு மூடியிருக்கிறான். எதற்கு மூடுகிறான்?

கீழே பூட்டிய கடை. மேலே போகப் படிக்கட்டு. மேலே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

இராத்திரி சந்தனத்திடம் நாலே முக்காலுக்கு எங்கே இருந்தாய் என்று சாதாரணமாகக் கேட்டேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்றாள். ஜெரால்டு? கூடத்தான் இருந்தான் என்றாள். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். குற்றவாளிகளை விசாரித்துப் பழகியவள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

ஜூலை 4, வியாழன்

லீவு போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

ஐந்து மணிக்கு அதே சந்து. சந்தனத்தின் ரோந்து ஸ்கூட்டர் அங்கே நிற்கிறது. அதே சாக்குப் பை.

எதிரே பழைய இரும்புக் கடை வாசலில் நின்றேன். அரை மணி நேரம் நின்றிருப்பேன். மேலே போகவில்லை. போய் என்ன பார்க்க? பழுது எங்கே என்று தெரிந்த பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்து ஆகப்போவது என்ன?

இரவு அவள் தோசை சுட்டுப் போட்டாள். நாலு தின்றேன்.

ஜூலை 7

இசக்கிராஜ் என் டவர் ஜோடி. நான் மேலே போனால் கயிறு அவன் கையில். அவன் போனால் என் கையில். மூன்று வருஷமாக இப்படித்தான். இன்று காற்று அதிகம், ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தோம். நான் பார்த்ததை அவனிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன்.

"ரெண்டு வண்டியையும் ஒண்ணா பாத்தியால?" என்று கேட்டான்.

செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று, இடம் ஒன்று, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றேன்.

"மேல ஏறுனியா?"

இல்லை என்றேன்.

ஜீப் கண்ணாடியை ஏற்றிவிட்டான். பிறகு, "ஒனக்கு நான் கயிறு பிடிச்சா வலிக்கல. ஒம் பொண்டாட்டிக்கு ஒருத்தன் கூட நின்னா மட்டும் எங்கல வலிக்கி?" என்றான்.

ஐ.டி.ஐ. படித்தவன் டிப்ளமோகாரனுக்குச் சொல்லித் தருகிறான். திரும்பி வரும்போது அவனோடு பேசவில்லை.

ஜூலை 10

பிரின்சியிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் வைத்து. அவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. எந்த ஜன்னல், எத்தனை மணி என்று மட்டும் கேட்டார். பிறகு, சண்டை வேண்டாம் அண்ணே, இன்ஸ்பெக்டரைப் பார்த்து இரண்டு பேரையும் பிரித்துவிடச் சொல்வோம், அவ்வளவுதான் வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. திங்கட்கிழமை சேர்ந்து போவதாக முடிவு.

ஜூலை 12

எப்படியோ ராஜகனி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பிரின்சி யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஜோடி வேணும்னு எஸ்.பி. மொகத்துக்கு நேரா கேட்டது நீங்கதான தம்பி?"

ஜோடி வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த ஜோடி வேண்டாம் என்றுதான் சொல்கிறோம் என்றேன்.

"இன்ஸ்பெக்டருக்கு ஏற்கெனவே ஆள் பத்தல. ஒரு சாக்குக் கெடைக்குமான்னு காத்துக்கிட்டு இருக்காரு. நீங்க கொண்டுபோயி குடுக்கப் போறிய." அவர் குரலைக் கூட்டவில்லை. "அன்னைக்கு அந்த ரோட்டுல எம் வீட்டுக்காரர் பக்கத்துல ஒரு பொம்பள நின்னுருந்தா, அவ யாரா இருந்தாலும் சரி, நான் கால்ல விழுந்துருப்பேன்."

அவருக்கு அவர் கஷ்டம். அதற்காக நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியுமா?

ஜூலை 15, திங்கள்

இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். டீ வாங்கி வரச் சொன்னார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்.

பேசலாம் என்று கூட்டி வந்த பிரின்சி வாயைத் திறக்கவில்லை. என்னம்மா உன் புகார் என்று அவர் நேரடியாகக் கேட்டதற்கு, புகார் எல்லாம் இல்லை சார், அண்ணன் சொல்வார் என்று என்னைக் காட்டினார். நான் சொன்னேன். செவ்வாய், வியாழன், சந்து, சாக்குப் பை, எல்லாம். இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இத எழுதிக் குடுக்கியளா?"

ஒரு நிமிஷம் யோசித்தேன். வாயால் சொன்னால் வதந்தி, எழுதினால் தகவல். எழுதினேன். திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. பணி நேரத்தில் இன்ன இடத்தில் இன்ன வண்டி நின்றது, காவலர் சந்தனமாரியின் ரோந்து ஸ்கூட்டரை நானே நேரில் பார்த்தேன், காவலர் ஜெரால்டின் பைக்கையும் பார்த்தேன். அவ்வளவுதான். டவர் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி. கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் பேப்பரை பிரின்சி பக்கம் தள்ளினார். பிரின்சி கைக்குட்டையில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் கையெழுத்துப் போட்டால் போதாதா சார் என்றார்.

போதும் என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜூலை 16

சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டரில் கசிவு. வாஷர் மாற்றினேன்.

ஜூலை 18, வியாழன்

எழுத வேண்டும் என்று இல்லை. எழுதுகிறேன்.

ஆறரைக்கே வந்துவிட்டாள். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே வரவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு எஸ்.ஐ.யை அந்தப் படிக்கட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். மேலே சங்கத்தின் கூட்ட அறை. பாய் விரித்து ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து போலீஸ் தேர்வுக்கு மாதிரி வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சீருடையோடு என் மனைவி. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாளாம்.

எஸ்.ஐ. தேர்வு. ஆகஸ்டில்.

அவளும் ஜெரால்டும் பேசி வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் படிக்கிற இரண்டு மணி நேரமும் இன்னொருத்தர் பாதை முழுவதையும் தனியாகச் சுற்றுவது. செவ்வாய், சனி அவன். திங்கள், வியாழன் இவள். ஸ்டேஷனில் பாதிப் பேர் இப்படி ஜோடியைப் பிரித்துக்கொண்டு ஒருத்தர் வீட்டில் தூங்குகிறார்கள், ஒருத்தர் சுற்றுகிறார்கள். இவர்கள் படித்தார்கள்.

"ஒரு நாள்கூட நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா அந்த மாடியில இருந்ததில்ல" என்றாள். "ஒண்ணா இருந்தா ரோட்ட யாரு பாக்கது?"

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேன். போன வருசம்."

 கணக்குக் கேட்டேன். அப்படியானால் வாரத்தில் நாலு நாள் யாரோ ஒருத்தர் தனியாகத்தானே சுற்றியிருக்கிறீர்கள், நான் எஸ்.பி.யிடம் போய்ப் பேசியது எதற்கு என்றேன்.

"நீங்க பேசுனதுனாலதான் படிக்க முடிஞ்சிச்சு. ஜோடின்னு ஒண்ணு இருந்தாத்தான பிரிச்சுக்க முடியும்" என்றாள். பிறகு, "உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். பாஸான பெறவு சொல்லலாம்னு இருந்தேன்."

ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அரிசி களைந்தாள்.

ஜூலை 19

பணி நேரத்தில் படிப்பது தப்பா இல்லையா? தப்பு. நான் இல்லாத ஒன்றையும் எழுதவில்லை.

ஜூலை 22

அவளுக்குக் குற்றக் குறிப்பாணை வந்துவிட்டது. பணியிடத்தை விட்டு விலகியிருந்தது, மேலதிகாரிக்குத் தவறான தகவல் தந்தது. விசாரணை முடிகிறவரைக்கும் இலாகா ஒதுக்கீட்டில் எழுத முடியாது. அடுத்த தேர்வு எப்போது வரும், வருமா, அப்போது வயது வரம்பு இடம் கொடுக்குமா, யாருக்கும் தெரியாது.

ஜெரால்டுக்கு ஒன்றும் இல்லை. எஸ்.ஐ. மாடியேறின அன்றைக்கு ஜெரால்டு ரோட்டில் ஒழுங்காக ரோந்தில் இருந்தான். நான் எழுதிக் கொடுத்த செவ்வாய்க்கிழமைக்கு பிரின்சி போய்ச் சொல்லியிருக்கிறார், அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து வாங்கிக் கொடுக்க நான்தான் வரச் சொன்னேன், சந்தில் நிழலுக்கு வண்டியை விட்டிருந்தார் என்று. சாக்குப் பை? வெயிலுக்கு சார்.

மாடிப்படியில் வைத்து பிரின்சியை மறித்தேன். இப்படி ஒரு பொய்யா என்று கேட்டேன்.

"நீங்க எழுதிக் குடுத்திய. நான் குடுக்கல" என்றார். "அவியமேல எனக்கு எவ்வளவோ கோவம் இருக்குண்ணே. அது வீட்டுக்குள்ள. ஸ்டேஷன்ல போயி நின்னா அவிய எம் புருசன்."

வழி விட்டேன்.

ஜூலை 24

புகாரை வாபஸ் வாங்கப் போனேன். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எழுதித் தருகிறேன் சார் என்றேன். இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"கட்டுன புருசனே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காரு. இதுக்கு மேல ஒரு சாட்சி எனக்கு எங்க கெடைக்கும்?" என்று சிரித்தார். பிறகு பக்கத்திலிருந்த ரைட்டரிடம், சாருக்கு எஸ்.பி. ஆபீசிலிருந்து வந்த அந்த உத்தரவைக் காட்டு என்றார்.

ஜோடி ரோந்தில் முறைகேடு நடப்பதாகக் காவலர் குடும்பத்தாரிடமிருந்தே புகார் வந்துள்ளதால் மறு உத்தரவு வரை ரோந்து தனி நபர் ரோந்தாக நடக்கும். ஸ்டேஷன் முழுக்க. எல்லோருக்கும்.

ஜூலை 27

எங்கள் பிளாக் மோட்டார் நின்றுவிட்டது. வழக்கமாகப் பையன்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். யாரும் வரவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெளியிலிருந்து ஒருத்தனைக் கூட்டி வந்திருந்தார்கள். மோட்டாரையே அவிழ்த்துக்கொண்டிருந்தான். மோட்டாரில் ஒன்றும் இல்லை, ஸ்டார்ட்டரில் ரிலே ஒட்டியிருக்கும், சத்தத்திலேயே தெரிகிறது. கீழே போய்ச் சொன்னேன்.

பெண்கள் ஐந்தாறு பேர் குடத்தோடு நின்றார்கள். ராஜகனி அக்கா அந்த மெக்கானிக்கிடம், நீங்க பாருங்க தம்பி என்றார். அந்தத் தம்பி நான் இல்லை.

சாயங்காலம் வரை தண்ணீர் வரவில்லை.

ஆகஸ்ட் 1

சந்தனம் என்னோடு சண்டை போடவில்லை. அதை இங்கே பதிவு செய்கிறேன். சோறு ஆக்குகிறாள், என் சட்டையையும் சேர்த்துத் துவைக்கிறாள், மின் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று கேட்கிறாள். எல்லாம் நார்மல்.

படித்த புத்தகங்கள் எங்கே என்று தெரியவில்லை. வீட்டில் எங்கேயும் இல்லை. வீட்டில் இருந்ததும் இல்லை என்று நினைக்கிறேன். அவள் முணுமுணுத்துக்கொண்டு வந்தது சட்டப் பிரிவுகளாக இருக்க வேண்டும். இப்போது முணுமுணுப்பது இல்லை.

ஆகஸ்ட் 5

அவள் தனியாகப் போகிற நாளெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்தேன். முதல் இரண்டு தடவை எடுத்து, ரோட்டில் இருக்கிறேன் என்றாள். அப்புறம் எடுக்கவில்லை. இசக்கிராஜ் கீழே இருந்து கத்துகிறான், போனை வைத்துவிட்டு ஏணியைப் பிடிலே என்று. எண்பது மீட்டருக்கு மேலே நின்று பார்த்தால் உப்பளம் ரோடு வெள்ளையாகத் தெரியும். வண்டி எல்லாம் எறும்பு. எது அவள் என்று எப்படிச் சொல்ல?

ஆகஸ்ட் 9

எட்டு மணிக்கு வந்தாள். இடது பக்கம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. பேண்ட் முட்டியில் கிழிசல். முகத்தில் மண். ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்று இல்லை.

என்ன என்றேன். விழுந்துவிட்டேன் என்றாள்.

தானாக விழுந்தவளுக்குச் சட்டைக் காலர் எப்படிக் கிழியும்? யார் இழுத்தது, எத்தனை பேர், எங்கே என்று கேட்டேன். நான் கத்தியிருக்கலாம். எதிர் பிளாக்கில் விளக்குப் போட்டார்கள்.

"ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் எழுதிக் குடுக்க வேண்டாம்" என்றாள்.

குழாயடியில் கையைக் கழுவினாள். பஞ்சையும் மருந்தையும் நான் எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். துணிச் சுருளின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரே கையால் சுற்றினாள். இரண்டு தடவை நழுவியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். மூன்றாவது தடவை முடிச்சு விழுந்தது.

ஆகஸ்ட் 10

காலையில் ஜெரால்டு வந்தான். வாசலுக்கு வெளியே நின்று அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டான். அக்கா என்கிறான். எப்போதும் அப்படித்தான் சொல்வானாம். எனக்குத் தெரியாது. சந்தனம் உள்ளேயிருந்து, ஒண்ணுமில்ல, நீ போய்ப் படி என்றாள். போய்விட்டான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 18

கிரைண்டர் மறுபடி நின்றுவிட்டது. பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 23

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஊரில் ஒரே மையம், ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. சந்தனத்துக்கு அங்கே பந்தோபஸ்து போட்டிருக்கிறார்கள். வாசலில் பெண் தேர்வர்களைச் சோதனை போட பெண் காவலர் வேண்டும், ரிசப்ஷன்காரிக்கு லீவு. மாற்றிக் கேளேன் என்றேன்.

"எதுக்கு? வேலைதான" என்றாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நான் போயிருக்கக் கூடாது. போனேன்.

பள்ளிக்கு எதிரே வேப்பமரத்தடியில் கூட்டம். பெண்டாட்டியை எழுத அனுப்பிய புருஷன்கள், புருஷனை அனுப்பிய பெண்டாட்டிகள். கையில் கைப்பிள்ளை, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். பிரின்சியும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

கேட்டில் இரண்டு வரிசை. ஆண்கள் வரிசைக்கு ஒரு ஏட்டு. பெண்கள் வரிசைக்குச் சந்தனம். கம்மலைக் கழற்றச் சொல்கிறாள், கொண்டையைத் தடவிப் பார்க்கிறாள், ஹால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறாள். ஒருத்தி பதற்றத்தில் பேனாவைக் கீழே போட்டாள். சந்தனம் குனிந்து எடுத்து, எழுதுகிறதா என்று தன் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துக் கொடுத்தாள். கட்டு இன்னும் கையில் இருக்கிறது.

ஜெரால்டு உள்ளே போகும்போது அவளுக்கு எதிரே நின்றான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் ஏதோ சொன்னாள், சின்னதாக. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இனிமேல் கேட்கப் போவதும் இல்லை.

பக்கத்தில் நின்றவர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர், முறுக்கு நீட்டினார். "உங்க வீட்லயும் எழுதுறாங்களா?" என்று கேட்டார்.

ஆமா என்றேன்.

பிரின்சிக்குக் கேட்டிருக்கும். பையனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

மணி அடித்தது. கேட்டைச் சாத்தினார்கள். ஏட்டு நிழல் பார்த்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுதுகிறவர்கள் எல்லோரும் உள்ளே. எங்களைப் போல வந்தவர்கள் எல்லோரும் மரத்தடியில். இரண்டுக்கும் நடுவில், வெயிலில், சாத்தின கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் மட்டும் நின்றாள். "எல்லாரும்தான் உள்ள போயிட்டாங்களே, நீங்க யாரைப் பாத்துட்டு இருக்கீங்க?" என்றார் முறுக்குக்காரர்.

கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். குளிர்ந்த பாட்டில். மூடியைத் திறந்து நீட்டினேன். அவளுக்கு ஒரு கை வலிக்கும் அல்லவா, அதனால் திறந்து நீட்டினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வாசலில் வருகிறவர்கள் எல்லோரையும் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"தேர்வு நடக்கு. இங்க நிக்கக் கூடாது சார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க."

போனேன்.